வெயிலுக்கு ஒரு கணக்கப்பிள்ளை

(அமெரிக்காவில் சோலார், காற்றாலை, கார் சார்ஜர் ஆகியவற்றுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன. பதில் சொல்பவர் ஆடிட்டர் அல்ல. கையெழுத்துப் போடுமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.)

கே: அமெரிக்காவில் எதைப் போட்டாலும் ‘டாக்ஸ் கிரெடிட்’ என்கிறார்களே, அது மானியம்தானே? நேராகக் கையில் கொடுத்தால் குறைந்தா போய்விடும்? — மதுரை

ப: மானியம் என்று சொன்னால் வாஷிங்டனில் பாதிப் பேருக்கு முகம் சுளிக்கும். வரிக்குறைப்பு என்று சொன்னால் அதே ஆட்கள் கை தட்டுவார்கள். கஜானா என்னவோ ஒன்றுதான். 1978-ல், கார்ட்டர் காலத்தில், சோலார் போடும் தொழில் நிறுவனங்களுக்கு 10 சதவீதம் என்று ஆரம்பித்தார்கள். நடுவில் ஏறி இறங்கி, 2005-ம் ஆண்டுச் சட்டத்தில் அது 30 ஆனது. வில்லங்கம் ஒன்றே ஒன்று. நீங்கள் வரி கட்ட வேண்டியவராக இருந்தால்தான் அதில் கழித்துக்கொள்ள முடியும். பட்டுப்புடவைக் கடைக் கூப்பன் மாதிரி. புடவை வாங்க வந்தவருக்கு அது காசு, மற்றவருக்கு வெறும் காகிதம். இந்தப் பகுதியில் வரும் பாதிக் கேள்விகளுக்கு மூலகாரணம் இதுதான்.

கே: வருமானத்தில் கழிப்பதற்கும் வரியில் கழிப்பதற்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? — திருச்சி

ப: 790 டாலர் வித்தியாசம். அமெரிக்கக் கம்பெனி வரி 21 சதவீதம். வருமானத்தில் 1,000 டாலர் கழித்தால் மிச்சம் 210. வரியிலேயே 1,000 கழித்தால் மிச்சம் 1,000.

கே: புதிதாகச் சோலார் பண்ணை வைக்கும் கம்பெனிக்கு முதல் பத்து வருஷம் லாபமே வராது. லாபம் இல்லையென்றால் வரி இல்லை. வரி இல்லையென்றால் கிரெடிட் எதற்கு? — கோவை

ப: கோவைக்காரர் கேள்வியிலேயே கணக்கை முடித்துவிட்டார். வெயில் இருக்கும் இடத்தில் வரி இல்லை, வரி இருக்கும் இடத்தில் வெயில் இல்லை. இந்த இரண்டுக்கும் கல்யாணத் தரகு பார்த்தே வால் ஸ்ட்ரீட்டில் ஒரு தொழில் வளர்ந்தது. அதற்கு ‘டாக்ஸ் ஈக்விட்டி’ என்று பெயர். கொழுத்த வரி கட்டும் வங்கி ஒன்று சோலார் பண்ணையில் பங்குதாரராகச் சேரும். ஆரம்ப ஆண்டுகளில் கிரெடிட்டில் 99 சதவீதம் வங்கிக்கு, பண்ணையைக் கட்டியவருக்கு 1 சதவீதம். எதிர்பார்த்த ஆதாயம் கைக்கு வந்ததும் பங்கு தலைகீழாகப் புரளும். வங்கி 5 சதவீதத்துக்கு இறங்கும், கட்டியவர் 95-க்கு ஏறுவார். பிறகு அந்த ஐந்தையும் வாங்கிக்கொண்டு வங்கிக்கு விடை கொடுப்பார்.

இந்த ஆட்டத்தில் ஜே.பி. மார்கனும் பேங்க் ஆஃப் அமெரிக்காவும்தான் பெரிய கைகள். சும்மா வந்து உட்காருவார்களா? ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வக்கீல் கூட்டம், கணக்காளர் கூட்டம். சிறிய திட்டத்துக்கு வக்கீல் பில்லே பேனல் விலையை எட்டிப் பார்க்கும் என்பதால் சின்ன ஆட்கள் உள்ளே நுழையவே முடியவில்லை. 2008-ல் வங்கிகள் கவிழ்ந்தபோது கூத்து உச்சத்துக்குப் போனது. நஷ்டத்தில் இருக்கும் வங்கிக்கு வரி ஏது? வரி இல்லாததால் கிரெடிட் வாங்க ஆள் இல்லை, வாங்க ஆள் இல்லாததால் காற்றாலைகள் பாதியில் நின்றன. காற்று என்னவோ வழக்கம்போல் வீசிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் 2009-ல் அரசே கிரெடிட்டுக்குப் பதிலாக ரொக்கமாகக் கொடுத்துக் காப்பாற்றியது. மதுரைக்காரர் கேட்டது அதைத்தான்.

கே: கிரெடிட் இல்லாவிட்டால் யாரும் காற்றாலை கட்டியே இருக்க மாட்டார்களா? — சேலம்

ப: 2014-ல் வாரன் பஃபெட்டே ஒளிக்காமல் சொன்னார்: நாங்கள் காற்றாலை கட்டுவதற்கு ஒரே காரணம் டாக்ஸ் கிரெடிட், அது இல்லாமல் கணக்கு உதைக்கும் என்று. இன்றைக்கு அந்தக் கணக்கு மாறிவிட்டது. சோலாரும் காற்றாலையும் பல இடங்களில் கிரெடிட் இல்லாமலே மலிவு. ஆனால் மலிவானது வேறு, கடன் கிடைப்பது வேறு.

கே: கிரெடிட்டைக் காய்கறி மாதிரி விற்கலாம் என்று இப்போது சட்டமே வந்துவிட்டதாமே? — சென்னை

ப: 2022 ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் வந்தது. பங்குதாரர் வேஷம் எல்லாம் வேண்டாம். கிரெடிட்டை ரொக்கத்துக்கு விற்றுவிடலாம். ஆனால் ஒரே ஒரு முறைதான், வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. விற்றவருக்கு வந்த பணம் வருமானமாகாது. வாங்கியவர் கொடுத்த பணத்தைச் செலவாகக் காட்டவும் முடியாது.

விலை? 2023 டிசம்பரில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 70 கோடி டாலர் வரையிலான கிரெடிட்டை ஃபைசர்வ் என்ற பணப்பட்டுவாடா நிறுவனத்துக்கு விற்றது, டாலருக்கு 96 சென்ட் வீதம். 100 டாலர் வரியை 96 டாலரில் முடித்துக்கொள்ள யாருக்குக் கசக்கும்? எல்லோருக்கும் 96 கிடைக்காது. பெயரில்லாத சிறிய திட்டம் என்றால் 90-க்கும் கீழே பேரம் பேசுவார்கள். அந்த இடைவெளியில்தான் தரகர், வக்கீல், இன்ஷூரன்ஸ் எல்லோரும் குடித்தனம் நடத்துகிறார்கள்.

இன்ஷூரன்ஸ் எதற்கு என்று அடுத்த வாரம் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலீட்டுக் கிரெடிட்டில், திட்டம் ஐந்து வருஷத்துக்குள் கைமாறினாலோ மூடப்பட்டாலோ கிரெடிட்டில் ஒரு பகுதியை அரசு திரும்பக் கேட்கும். வருஷத்துக்கு 20 சதவீதமாகத்தான் அது கெட்டிப்படும். கேட்பது விற்றவரிடம் அல்ல, வாங்கியவரிடம்.

கே: ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை நம் ஊரிலும் இருக்கிறதே. இங்கே செய்யும் பேனலுக்கும் அமெரிக்கா காசு கொடுக்குமா? — காஞ்சிபுரம்

ப: பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறந்தார்கள், 3.3 கிகாவாட் ஆலை. ஆனால் வாட்டுக்கு 7 சென்ட் என்ற அந்த உற்பத்திக் கிரெடிட் அமெரிக்க மண்ணில் செய்த பேனலுக்கு மட்டும். ஃபைசர்வ் வாங்கியது அந்தக் கிரெடிட்டைத்தான்.

கே: செலவு செய்தேன் என்று ரசீது காட்டினாலே 30 சதவீதம் என்றால், ரசீதை மட்டும் அச்சடித்துவிட மாட்டார்களா? — விருதுநகர்

ப: அச்சடித்தார்கள். கலிஃபோர்னியாவில் டி.சி. சோலார் என்று ஒரு கம்பெனி. ஜெஃப் கார்பாஃப், பாலெட் கார்பாஃப் என்ற தம்பதி நடத்தியது. இழுத்துச் செல்லக்கூடிய வண்டியில் சோலார் ஜெனரேட்டர், ஒன்று 1,50,000 டாலர். அதில் 30 சதவீதம் எவ்வளவு? 45,000. வாங்குபவர் முன்பணமாகக் கொடுக்க வேண்டியது எவ்வளவு? அதுவும் 45,000. மீதிக்கு டி.சி. சோலாரே கடன் கொடுக்கும், வண்டியை வாடகைக்கு விட்டு அந்தக் கடனை அடைத்துக்கொள்ளும். அதாவது வாங்குபவர் கையைவிட்டுப் போகும் காசு அத்தனையும் வரியில் திரும்பி வந்துவிடும். வண்டி ஓடுகிறதா, வாடகை வருகிறதா என்று எட்டிப் பார்க்க அவருக்கு என்ன அவசியம்?

அவசியம் இல்லை என்பதை அந்தத் தம்பதி நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 2011 முதல் 2018 வரை சுமார் 17,000 வண்டிகள் விற்றதாகக் கணக்கு. அதில் பாதிக்குக் குறையாமல் பிறக்கவே இல்லை. பழைய வண்டியில் புது எண் ஸ்டிக்கரை ஒட்டி, புது வண்டி என்று காட்டினார்கள். புதிதாக வந்த முதலீட்டாளர் பணத்தையே பழையவருக்கு வாடகை என்று கொடுத்தார்கள். ஏமாந்தவர்கள் பட்டியலில் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வேயும் உண்டு. அது மட்டும் 37.7 கோடி டாலரைக் கணக்கில் நஷ்டமாக ஒதுக்கியது. மொத்த மோசடி ஏறத்தாழ 100 கோடி டாலர். 2021-ல் கணவருக்கு 30 வருஷம், அடுத்த ஆண்டு மனைவிக்கு 11 வருஷத்துக்கு மேல் சிறை. அவர்கள் வாங்கிக் குவித்த 140-க்கும் மேற்பட்ட கார்களை அரசு ஏலம் விட்டது. அதில் நடிகர் பர்ட் ரெனால்ட்ஸிடம் இருந்த 1978 போன்டியாக் ஃபயர்பேர்டும் ஒன்று. சோலார் கம்பெனிக்காரர் ஆசைப்பட்டுச் சேர்த்தது பெட்ரோல் குடிக்கும் வகையை என்பதைக் கவனியுங்கள்.

கே: நம்மூரில் இந்த மாதிரி வரி வித்தைகள் இல்லை என்று நிம்மதி அடையலாமா? — நாகர்கோவில்

ப: நாகர்கோவிலில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? பக்கத்திலேயே முப்பந்தல். 1990-களில் காற்றாலை வைத்தால் முதல் வருஷமே அதன் முழு விலையையும் தேய்மானமாகக் காட்டலாம் என்று வருமான வரியில் இடம் கொடுத்தார்கள். நூற்பாலை முதலாளிகள் வரிசையில் நின்றார்கள். மார்ச் 31-க்குள் இறக்கை சுற்றியாக வேண்டும், ஏப்ரலில் சுற்றுகிறதா என்பது அடுத்த வருஷத்துக் கவலை. பிறகு அது 80 சதவீதமானது. 2012-ல் அந்தச் சலுகையை எடுத்தார்கள், புதிய காற்றாலைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. 2014-ல் திருப்பிக் கொடுத்தார்கள், 2017-ல் 40 ஆக வெட்டினார்கள். நடுவில் 2009-ல் வந்த ஒரு திட்டம் எனக்குப் பிடித்தது. விலையைப் பார்க்காமல், மின்வலையில் செலுத்திய யூனிட்டுக்கு 50 பைசா.

அமெரிக்காவும் இதே பாடத்தை அடிபட்டுத்தான் படித்தது. 1980-களின் ஆரம்பத்தில் கலிஃபோர்னியாவில் மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவில் ஏறத்தாழப் பாதியைக் கிரெடிட்டாகக் கொடுத்தன. பல் டாக்டர்கள்கூட ஆல்டமான்ட் மலைகளில் காற்றாலை வாங்கினார்கள். பல காற்றாலைகள் இறக்கை உடைந்து நின்றன, கிரெடிட் மட்டும் உடையாமல் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் 1992-ல் காற்றாலைக்கு விதியை மாற்றினார்கள். உற்பத்தி செய்த கிலோவாட் மணிக்கு 1.5 சென்ட், பத்து வருஷத்துக்கு, விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். மின்சாரம் வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. ரசீதை நம்புவதைவிட மீட்டரை நம்புவது மேல் என்பது என் கட்சி. என்ன, 2022 சட்டத்துக்குப் பிறகு சோலாரும் விரும்பினால் மீட்டர் கட்சியில் சேரலாம், சார்ஜருக்கு ரசீதுக் கட்சிதான்.

கே: டெக்சஸில் நெடுஞ்சாலை ஓரம் கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். இரண்டு ஃபாஸ்ட் சார்ஜர் போட ஆசை. எவ்வளவு கிடைக்கும்? — டாலஸ் அருகிலிருந்து

ப: மூன்று கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், பிறகு நான் சொல்கிறேன்.

எங்கே? இந்தக் கிரெடிட் எல்லா இடத்துக்கும் இல்லை. குறைந்த வருமானப் பகுதி அல்லது நகர்ப்புறம் அல்லாத பகுதி என்று கணக்கெடுப்பு வட்டாரங்களைப் பிரித்திருக்கிறார்கள். பயந்துவிடாதீர்கள், ஏறத்தாழ மூன்றில் இரண்டு அமெரிக்கர்கள் வசிப்பது தகுதியுள்ள வட்டாரத்தில்தான். ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடம் இதற்கென்றே வரைபடம் போட்டிருக்கிறது. நெடுஞ்சாலையின் இந்தப் பக்கம் உண்டு, எதிர்ப்பக்கம் இல்லை என்பதெல்லாம் நடக்கும்.

வேலை செய்பவர்களுக்கு என்ன கூலி? தொழிலாளர் துறை அந்த வட்டாரத்துக்கு நிர்ணயித்த கூலியைக் கொடுத்து, விதிப்படி தொழில் பழகுநர்களையும் சேர்த்திருந்தால் 30 சதவீதம். இல்லையென்றால் 6. ஒரு சார்ஜருக்கு 2,00,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் 60,000, பின்னதில் 12,000. கூலிச் சீட்டைப் பத்திரப்படுத்தாத காரணத்துக்காக 48,000 டாலரை விட்டவர் தூங்கவே மாட்டார். சோலாரில் ஒரு மெகாவாட்டுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கூலி விதியிலிருந்து விலக்கு உண்டு, சார்ஜருக்கு அந்தச் சலுகை இல்லை. ஏன் என்று காங்கிரஸைத்தான் கேட்க வேண்டும்.

எப்போது? இதுதான் முக்கியம். 2026 ஜூன் 30-க்குள் சார்ஜர் பயன்பாட்டுக்கு வந்திருந்தால்தான் கிரெடிட். வேலை ஆரம்பித்தது, பள்ளம் தோண்டியது எல்லாம் கணக்கில் வராது. டிரான்ஸ்ஃபார்மருக்கும் மின் இணைப்புக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும் ஊரில் இது கொஞ்சம் குரூரமான விதி.

உச்சவரம்பு இடத்துக்கு 30,000 டாலராக இருந்தது. 2023 முதல் ஒவ்வொரு சார்ஜருக்கும் 1,00,000 டாலர். வீட்டில் போட்டுக்கொண்டவருக்கு 1,000 டாலர் வரைதான், அதுவும் அவர் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும்.

கே: கிரெடிட் கிடைத்துவிட்டால் சார்ஜர் தொழிலில் லாபம் நிச்சயமா? — அதே வாசகர்

ப: கட்டும்போது 30 சதவீதம் தருவார்கள், நடத்தும்போது மின் கம்பெனி பிடுங்கிக்கொள்ளும். யூனிட் விலை தவிர, மாதத்தில் எந்தப் பதினைந்து நிமிஷம் அதிகபட்சமாக இழுத்தீர்களோ அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. ஒரே ஒரு கார் ஒரே ஒரு நாள் 150 கிலோவாட் இழுத்தது, கட்டணம் கிலோவாட்டுக்கு 15 டாலர் என்றால் அந்த மாதம் 2,250 டாலர். மாதம் முழுக்க வேறு வண்டியே வராவிட்டாலும் அதே தொகைதான். வழி ஒன்று உண்டு. சார்ஜருடன் பேட்டரி வைத்து உச்சத்தைத் தட்டையாக்குங்கள். 2022 சட்டத்துக்கு முன் சோலாரோடு ஒட்டி வைத்த பேட்டரிக்குத்தான் கிரெடிட், இப்போது தனியாக வைத்தாலும் உண்டு. 2025-ல் மற்றவற்றை வெட்டிய புதுச் சட்டத்தின் கத்தி பேட்டரியை விட்டுவிட்டது. 2033 வரை வேலை தொடங்குபவர்களுக்கு அது முழுசாக இருக்கிறது. முதலில் பேட்டரிக் கணக்கைப் போடுங்கள், பிறகு சார்ஜர்.

கே: எங்கள் கோயில் கூரையில் சோலார் போட விரும்புகிறோம். கோயில் வரியே கட்டுவதில்லை. எங்களுக்கு இந்தக் கிரெடிட் கிடையாதா? — எடிசன், நியூ ஜெர்சி

ப: உண்டு. 2022 சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கோயில், சர்ச், பள்ளி, நகராட்சி, பழங்குடி அரசு, கிராம மின் கூட்டுறவு எல்லோருக்கும் கிரெடிட் தொகையை வருமான வரித்துறையே பணமாக அனுப்பும். கல்யாணத் தரகர், வங்கி, 96 சென்ட் பேரம் ஒன்றும் கிடையாது. 3,00,000 டாலர் செலவு செய்தால் 90,000 வரும். வழக்கமாக வரிப் படிவமே தொடாத கோயில், முதலில் இணையத்தில் பதிவெண் வாங்கி, 990-டி என்ற படிவத்தில் அதைக் காட்ட வேண்டும். ‘எனக்கு வரி இல்லை, ஆனாலும் வரியைத் திருப்பிக் கொடு’ என்று கேட்கும் அதிசயப் படிவம்.

இரண்டு ஜாக்கிரதை. ஒன்று, பணம் அடுத்த வருஷம் கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் வரும். அதுவரை முழுச் செலவும் கோயிலுடையது, இடைக்காலக் கடனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று, சோலாருக்கென்றே குறித்து வந்த வரியில்லா நிதியும் கிரெடிட்டும் சேர்ந்து மொத்தச் செலவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிரெடிட்டைக் குறைப்பார்கள். பொது உண்டியல் பணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. உற்சாகத்தில் ‘சோலார் நிதி’ என்று தனிப் பலகை மாட்டுவதற்கு முன் யோசிக்கவும். கடைசியாக, 2025 சட்டம் வைத்த கெடு: வேலையை 2026 ஜூலை 4-க்குள் தொடங்கியிருக்க வேண்டும், இல்லையேல் 2027 முடிவதற்குள் மின்சாரம் வந்துவிட வேண்டும். 2026-ல் தொடங்குபவர்கள் சாமான்களில் சீனப் பங்கு எவ்வளவு என்ற கணக்கும் காட்ட வேண்டும்.

கே: கொரியாவில் செய்த மின்சாரக் காருக்குக் கிரெடிட் கிடையாது என்றார்கள். ஆனால் அதே காரை லீசில் எடுத்த என் நண்பருக்கு 7,500 டாலர் குறைந்தது. எப்படி? — ஃப்ரீமான்ட்

ப: வாங்கினால் அது சொந்தக் கார். வட அமெரிக்காவில் பூட்டிய காராக இருக்க வேண்டும், வாங்குபவர் வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். லீசில் எடுத்தால் காரின் சொந்தக்காரர் லீசிங் கம்பெனி, ஆகவே அது வணிக வாகனம். வணிக வாகனத்துக்கு அந்த நிபந்தனைகள் இல்லை. உங்கள் நண்பர் மனைவியோடு கடைக்குப் போன கார், சட்டத்தின் கண்ணில் லாரியின் தம்பி. 2025 செப்டம்பர் 30-ஓடு இரண்டுமே முடிந்தது.

கே: 2025 சட்டம் உண்மையில் எதைக் கொன்றது, எதை விட்டது? — பெங்களூரு

ப: 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம். வீட்டுக்காரர் தன் கூரையில் சொந்தக் காசில் சோலார் போட்டால் கிடைத்த 30 சதவீதம் அந்த ஆண்டு இறுதியோடு போயிற்று. அதே கூரையில் ஒரு கம்பெனி சோலார் போட்டு உங்களுக்கு வாடகைக்கு விட்டால், கம்பெனிக்குக் கிரெடிட், கோயிலுக்குச் சொன்ன அதே கெடுவுக்குள் தொடர்கிறது. வெயில் அதே, கூரை அதே, சொந்தக்காரர் மட்டும் தண்டிக்கப்படுகிறார்.

பெரிய பண்ணைகளுக்கு ‘வேலை தொடங்கியது’ என்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. மண்ணைத் தோண்டலாம், அல்லது மொத்தச் செலவில் 5 சதவீதத்துக்குச் சாமான் வாங்கிக் கோடவுனில் போட்டு வைக்கலாம். இரண்டாவதில்தான் எல்லோரும் கில்லாடிகள். பண்ணை எந்த மாவட்டம் என்றே முடிவாகாது, டிரான்ஸ்ஃபார்மர் வந்து இறங்கிவிடும். 2025 ஆகஸ்டில் வருமான வரித்துறை அந்தக் கதவைச் சாத்தியது. 1.5 மெகாவாட்டுக்கு உட்பட்ட சின்ன சோலார் தவிர மற்றவர்கள் நிஜமாகவே வேலை ஆரம்பிக்க வேண்டும். திட்டங்களை முடக்குகிறார்கள் என்று தொழிலில் இருப்பவர்கள் கூச்சலிட்டார்கள். எனக்குப் பாதி அனுதாபம்தான். கோடவுனில் தூங்கும் டிரான்ஸ்ஃபார்மர் யார் வீட்டு விளக்கையும் எரிப்பதில்லை. மீதிப் பாதி அனுதாபம் எதற்கென்றால், இருபது வருஷம் ஓட வேண்டிய ஆலைக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை விதியை மாற்றினால் எந்த வங்கி நம்பிக் கடன் கொடுக்கும்?

கே: சோலார் கிரெடிட்டை உறவுக்காரருக்கு விற்கக் கூடாதாம். என் மச்சானுக்கு விற்கலாமா? — சிகாகோ

ப: அமெரிக்க வரிச் சட்டத்தின் உறவுப் பட்டியல் நம் பத்திரிகை அடிக்கும் பட்டியலைவிட மிகச் சிறியது. கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவர், பெற்றோர் வழி மேலே, பிள்ளைகள் வழி கீழே. அவ்வளவுதான். அத்தை மகன் அன்னியர். மச்சானும் அன்னியர்.

ஆனால் திட்டம் உங்கள் பெயரில் இருக்கிறதா, மனைவி பெயரிலா? மனைவி பெயரில் என்றால் வாங்குபவர் அவருக்கு அண்ணன், கதை முடிந்தது. உங்கள் பெயரில் என்றால் இன்னொன்று பாருங்கள். தனிநபர் வாங்கும் கிரெடிட்டைச் சம்பளத்துக்கான வரியில் கழிக்க முடியாது. தான் நடத்தாத தொழில், வீட்டு வாடகை போன்றவற்றில் வரும் வருமானத்துக்கான வரியில் மட்டும்தான் கழிக்கலாம். மச்சான் சாஃப்ட்வேர் சம்பளக்காரர் என்றால் அந்தக் கிரெடிட் அவருக்குச் சும்மா கிடக்கும், உங்களுக்குக் கொடுத்த பணத்தைப் பொங்கல் தோறும் நினைவூட்டுவார். வாடகைக்கு விட்ட வீடுகள் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் உங்கள் மனைவியிடம் விசாரியுங்கள், அண்ணன் சொத்து விவரம் அவருக்குத் தெரியாமல் இருக்காது.